இறக்கிய ஸ்விஃப்ட்: ஷாக் மட்டும் மாற்றினால் போதுமா, காயில்ஓவர்தான் வழியா?

#1 நாலாங்கியர் | கோவை

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2014 ஸ்விஃப்ட் விடிஐ (டீசல்), செகண்ட் ஹேண்ட். வாங்கும்போதே இறக்கும் ஸ்ப்ரிங் (வண்டியைத் தாழ்த்துகிற ஸ்ப்ரிங்) போட்டுத்தான் இருந்தது. ஷாக் (ஸ்ப்ரிங்கின் ஆட்டத்தை அடக்குகிற ஷாக் அப்சார்பர்) நான்கும் கம்பெனியில் வந்தவையே. ஓடோமீட்டர் 90 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. ஸ்ப்ரிங்கில் பெயின்ட் உரிந்துபோனதால் என்ன பிராண்ட் என்று படிக்க முடியவில்லை. வீல் 15 அங்குல அலாய், டயர் 185/65 ஆர்15.

நிற்கும்போது வண்டி ஜம்மென்று இருக்கிறது, அதில் குறை இல்லை. தனியாக ஓட்டினால் சமாளித்துவிடலாம். அப்பா அம்மா பின்னால் ஏறி, டிக்கியில் பையும் வைத்தால் சின்னப் பள்ளத்துக்கே பின்பக்கம் டொக் டொக் என்று அடிக்கிறது. பைபாஸில் 90க்கு மேல் போகும்போது பாலத்து ஜாயின்ட் வந்தால் முன்பக்கம் இரண்டு மூன்று முறை ஆடித்தான் அடங்குகிறது. கோத்தகிரி ஏறும்போது வளைவின் நடுவில் குழி வந்தால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் வெட்டுகிறது.

விசாரித்ததில் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். இதே ஸ்ப்ரிங்கை வைத்துக்கொண்டு கடினமான ஷாக் போடு என்கிறார் ஒருவர். முழு காயில்ஓவர் கிட் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்ப்ரிங்கும் ஷாக்கும் சேர்ந்த செட்) போடு என்கிறார் இன்னொருவர். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு கம்பெனி உயரத்துக்கே போ என்கிறார் வீட்டுப் பக்கத்து மெக்கானிக். பட்ஜெட் 60 முதல் 70 ஆயிரம், நல்ல காரணம் இருந்தால் கொஞ்சம் நீட்டலாம். ரேஸ் டிராக் பக்கம் போகிற எண்ணம் இல்லை. என்ன செய்யலாம்?

#2 வால்பாறை40 | பொள்ளாச்சி

காயில்ஓவர் போடுங்கள் ப்ரோ, இதில் யோசிக்க ஒன்றுமில்லை. உயரம் நம் கையில், டேம்பிங் (ஷாக் ஆட்டத்தை அடக்குகிற அளவு) நம் கையில். பிசி ரேசிங் கம்பெனியின் பிஆர் கிட்டில் டேம்பிங்கை மாற்ற 30 படி (கிளிக்) இருக்கிறது. ஊருக்குள் மென்மையாக வைத்துக்கொள்ளலாம், மலை ஏறும்போது பத்து கிளிக் கூட்டிக்கொள்ளலாம். நான் போட்டிருக்கும் கிட்டோடு வால்பாறையின் 40 கொண்டை ஊசியும் ஏறினால் வண்டி தண்டவாளத்தில் போகிற மாதிரி இருக்கும். பட்ஜெட்டை ஒரு லட்சத்துக்கு நீட்டுங்கள். பாதிக் காசு போட்டு பாதி வேலை செய்தால் திரும்பவும் இதே இழைக்குத்தான் வருவீர்கள்.

#3 இரும்புச்சுருள் | சென்னை

பிராண்ட் பேச்சு அப்புறம். நாலாங்கியர், முதலில் மூன்று அளவு எடுத்துப் போடுங்கள்.

ஒன்று, சக்கரத்தின் மையத்திலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை எத்தனை மி.மீ. தெரிந்தவர் யாரிடமாவது இறக்காத ஸ்விஃப்ட் இருந்தால் அதையும் அளந்து இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லுங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் காற்றும் தேய்மானமும் கணக்கைக் குழப்பிவிடும்.

இரண்டு, வண்டி சமதளத்தில் காலியாக நிற்கும்போது ஷாக்கின் டஸ்ட் கவரை மேலே ஏற்றிவிட்டுப் பாருங்கள். ஷாக்கின் உடலுக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் (ஷாக் அமுங்கும்போது கடைசியில் முட்டுகிற ரப்பர்) நடுவே பளபளப்பான தண்டு எவ்வளவு தெரிகிறது? இந்த இழையில் எனக்கு வேண்டிய முக்கியமான எண் அதுதான்.

மூன்று, அப்பா அம்மா ஏறியபின் பின்பக்கம் எவ்வளவு இறங்குகிறது.

#4 பட்டறைப்பாண்டி | மதுரை

தம்பி, இருபது வருஷமாக சஸ்பென்ஷன் வேலைதான் பார்க்கிறேன். உங்கள் வீட்டுப் பக்கத்து மெக்கானிக் சொன்னதுதான் சரி. கம்பெனி ஸ்ப்ரிங், புது ஷாக், புது டாப் மவுண்ட் (ஷாக்கின் மேல்முனையை வண்டியோடு பிடிப்பது), புது பம்ப் ஸ்டாப். கேப்ரியலோ கம்பெனி பார்ட்டோ எது கிடைத்தாலும் போதும். நாலு பக்கமும் முடித்தால்கூட உங்கள் பட்ஜெட்டில் பாதி மிச்சம். மாருதிக்காரன் 170 மி.மீ. கிளியரன்ஸ் கொடுத்திருப்பது நம்ம ஊர் ரோட்டைப் பார்த்துத்தான்.

இன்னொன்று. பிராண்ட் தெரியாத ஸ்ப்ரிங் என்கிறீர்கள். வெட்டிய ஸ்ப்ரிங்காக இருக்கப் போகிறது, நன்றாகப் பாருங்கள். கம்பெனி ஸ்ப்ரிங்கின் நுனி தட்டில் படிந்து உட்காரும். வெட்டியதில் நுனி நேராக முடிந்து தட்டைக் குத்திக்கொண்டு நிற்கும். கேஸ் கட்டரில் சூடாக்கி இறக்கியிருந்தால் இன்னும் மோசம், இரும்பின் டெம்பரே போய்விடும். அப்படி இருந்தால் வேறு பேச்சே வேண்டாம், நாளைக்கே கழற்றுங்கள்.

#5 நாலாங்கியர் | கோவை

பாண்டி அண்ணா, லிஃப்டில் ஏற்றிப் பார்த்துவிட்டேன். வெட்டியது இல்லை, நுனி ஒழுங்காகப் படிந்திருக்கிறது. சூடு காட்டிய தடமும் இல்லை.

இரும்புச்சுருள் கேட்ட அளவுகள்: நண்பனின் இறக்காத ஸ்விஃப்டோடு ஒப்பிட்டால் முன்னால் 38 மி.மீ., பின்னால் 42 மி.மீ. தாழ்வு. தண்டு தெரியும் அளவு முன்னால் 30, பின்னால் 20. அப்பா அம்மா ஏறி, பையும் வைத்தபின் பின்பக்கம் 24 மி.மீ. இறங்கியது. மூன்றும் சேர்ந்து 160 கிலோ இருக்கும்.

#6 இரும்புச்சுருள் | சென்னை

அருமை. உங்கள் பிரச்சினை இந்த எண்களிலேயே இருக்கிறது.

பின்னால் பம்ப் ஸ்டாப்புக்கு மிச்சம் இருப்பது 20 மி.மீ. ஆட்கள் ஏறியதும் இறங்குவது 24. அதாவது வண்டி கிளம்பும் முன்பே பின்பக்கம் பம்ப் ஸ்டாப்பின் மேல் உட்கார்ந்துவிட்டது. அதற்குமேல் வருகிற ஒவ்வொரு பள்ளத்தையும் வாங்குவது ஸ்ப்ரிங் இல்லை, அந்த ரப்பர்தான். உங்களுக்குக் கேட்கிற டொக் அதுதான். இதே ஸ்ப்ரிங்கில் உலகத்திலேயே விலை உயர்ந்த ஷாக்கைப் போட்டாலும், அதன் உடல் நீளம் இதேதான் என்றால் அந்தச் சத்தம் போகாது.

அந்த 160 கிலோவில் சுமார் 136 பின் அச்சில் விழுகிறது என்று வைத்தால், ஒரு சக்கரத்துக்கு 68 கிலோ, 667 நியூட்டன். 24 மி.மீ.க்கு வகுத்தால் மி.மீ.க்கு 28 நியூட்டன். கடைசி 4 மி.மீ.யில் ரப்பரும் தாங்கியிருக்கும், எனவே ஸ்ப்ரிங்கின் உண்மையான விறைப்பு இதைவிடச் சற்றுக் குறைவு.

இப்போது இறக்காத வண்டியோடு ஒப்பிடுங்கள். பம்ப் ஸ்டாப் அப்படியே இருக்கிறது என்று கொண்டால், அதில் பின்னால் 20 + 42 = 62 மி.மீ. இருந்தது. ஸ்ப்ரிங் வாங்குகிற ஆற்றல் விறைப்பையும் தூரத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. 62 மி.மீ.யில் வாங்கிய அதே அடியை 20 மி.மீ.க்குள் வாங்க வேண்டும் என்றால் ஸ்ப்ரிங் ஒன்பதரை மடங்கு விறைப்பாக இருக்க வேண்டும். 3.1இன் வர்க்கம் 9.6. முன்பக்கம் 68க்கு 30, அங்கே ஐந்து மடங்கு. கடைகளில் விற்கிற இறக்கும் ஸ்ப்ரிங் பெரும்பாலும் கம்பெனி ஸ்ப்ரிங்கைவிட 20, 30 சதவீதம்தான் கூடுதல் விறைப்பு. மீதியைப் பம்ப் ஸ்டாப் சுமக்கிறது. நல்ல நுரை பாலியூரித்தேன் பம்ப் ஸ்டாப் மெதுவாக இறுகுவதால் ஓரளவு மறைத்துவிடும். 90 ஆயிரம் கி.மீ. அடி வாங்கியதில் என்ன மிச்சம் இருக்கும் என்று எனக்குச் சந்தேகம்தான்.

வளைவில் ஸ்டீயரிங் வெட்டுவதும் இதன் தொடர்ச்சி. வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் ஏற்கெனவே 20, 25 மி.மீ. அமுங்கியிருக்கும். அங்கே குழி வந்தால் நேராக ஸ்டாப்பில் போய் முட்டும், அந்தச் சக்கரத்தின் மேல் எடை சட்டென்று ஏறும், பிடிப்பு மாறும்.

#7 வால்பாறை40 | பொள்ளாச்சி

கணக்கெல்லாம் சரி. அதனால்தானே காயில்ஓவர் சொல்கிறேன்? 6 கிலோ ஸ்ப்ரிங் (ஒரு மி.மீ. அமுங்க 6 கிலோ வேண்டும்), ப்ரீலோடை (ஸ்ப்ரிங்கை முன்கூட்டியே இறுக்கி வைப்பது) கொஞ்சம் ஏற்றினால் கல் மாதிரி நிற்கும், ஸ்டாப் வரை போகவே போகாது.

#8 இரும்புச்சுருள் | சென்னை

ப்ரீலோட் ஏற்றினால் ஸ்ப்ரிங் விறைக்காது நண்பா. சாதாரண நேர்கோட்டு ஸ்ப்ரிங்கில் மி.மீ.க்கு 6 கிலோ என்றால், எவ்வளவு முடுக்கினாலும் 6 கிலோதான். ப்ரீலோட் வண்டி எடையைவிடக் குறைவாக இருக்கும்வரை அது வண்டியின் உயரத்தை மட்டும்தான் ஏற்றும். எடையையும் தாண்டி முடுக்கினால் சக்கரம் கீழே தொங்குகிற தூரம் காணாமல் போய்விடும், குழியில் சக்கரம் தரையை விட்டு எழும்.

6 கிலோ என்றால் 59 நியூட்டன். முன் சக்கரம் ஒன்றின் மேல் ஸ்ப்ரிங் தாங்குகிற எடை 320 கிலோ என்று வைத்தால், கம்பெனி வண்டியில் மி.மீ.க்கு 24 நியூட்டன் வாக்கில் அதிர்வெண் (நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்பது) 1.4 ஹெர்ட்ஸ் வரும். 6 கிலோ ஸ்ப்ரிங்கில் 2.2. ஓட்டுகிறவருக்கு ஜாலியாக இருக்கும், பின் சீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு இடுப்பு போய்விடும். நாலாங்கியர் டிராக்குக்குப் போகவில்லை என்று முதல் பதிவிலேயே சொல்லிவிட்டாரே.

ஆனால் காயில்ஓவர் என்ற யோசனையே தப்பு என்று நான் சொல்லவில்லை. அதில் ஒரு உண்மையான லாபம் இருக்கிறது, அதை நீங்கள் சொல்லவில்லை. அடிப்பகுதி தனியாக மரையில் ஏறி இறங்குகிற கிட் என்றால், ஸ்ப்ரிங் தட்டைத் தொடாமலே முன்பக்க உயரத்தை மாற்றலாம். ஷாக்கின் வீச்சு அப்படியே இருக்கும். உடலும் குட்டை. இவருக்குத் தேவை அந்தக் குட்டை உடல்தான். 30 கிளிக் எல்லாம் அதற்கு அப்புறம்.

#9 சங்கிலி_அளவு | திருச்சி

இழை எங்கோ போகிறது, நான் இன்னும் கொஞ்சம் திசை மாற்றிவிட்டுப் போகிறேன். ரோட்டு வேலையில் இருக்கிறவன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இறக்கிய வண்டிக்காரர்கள் எல்லோரும் ஸ்பீட் பிரேக்கரைத்தான் திட்டுகிறீர்கள். இந்திய சாலைக் காங்கிரஸின் ஐஆர்சி 99, 1988 பதிப்பில், வேகத்தடை 17 மீட்டர் ஆரம் கொண்ட வளைவு, 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம். 25 கி.மீ. வேகத்தில் கடக்க வேண்டியது. ஸ்விஃப்டின் வீல்பேஸ் 2,430 மி.மீ. நான்கு சக்கரமும் அந்த வளைவின் மேல் நிற்கும்போது நடுவயிற்றுக்கு வேண்டிய இடைவெளி எவ்வளவு தெரியுமா? 43 மி.மீ. தான். இவருடைய வண்டி 40 மி.மீ. இறங்கியிருந்தாலும் 130 இருக்கிறது. சிரித்துக்கொண்டே தாண்டும்.

தட்டுவது எங்கே என்றால், தெருவில் ஆளாளுக்குக் கொட்டுகிற அரை மீட்டர் அகல மேட்டில். அதில் முன் சக்கரம் தாண்டியபின் முழு உயரமும் வயிற்றுக்கு நேராக நிற்கும். முன் சக்கரம் இறங்குகிற வேகத்தில் மூக்கு வேறு கீழே குத்தும். அங்கே 40 மி.மீ. பெரிய விஷயம்.

#10 பட்டறைப்பாண்டி | மதுரை

ஐயா, அளவு எடுத்துப் போட்ட வேகத்தடையை எங்கள் ஏரியாவில் ஒன்று காட்டுங்கள், நான் மாலை போடுகிறேன்.

#11 மழைக்காலடயர் | சேலம்

சட்டம் பற்றி யாரும் பேசவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52இன்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ(4), அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. ஆர்சியில் ஸ்ப்ரிங் உயரம் எங்கே எழுதியிருக்கிறது என்று வாதாடலாம்தான். ரோட்டோரத்தில் வாதாடுவது வேறு, விபத்துக்கு அப்புறம் இன்ஷூரன்ஸ் சர்வேயரிடம் வாதாடுவது வேறு. கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு இறக்கியிருந்தால் கேள்வி வரும். குறைவாக இறக்க இதுவும் ஒரு காரணம்.

#12 வால்பாறை40 | பொள்ளாச்சி

சரி, ப்ரீலோட் விஷயத்தில் இரும்புச்சுருள் சொன்னது புரிகிறது. ஆனால் நாலாங்கியர் கேட்ட முதல் வழிக்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. இதே ஸ்ப்ரிங், ஷாக் மட்டும் நல்லது. பில்ஸ்டீன் பி8 மாதிரி இறக்கிய வண்டிக்கென்றே குட்டையாகச் செய்தது போட்டால்?

#13 மழைக்காலடயர் | சேலம்

பி6க்கும் பி8க்கும் வித்தியாசமே அதுதான், பி6 கம்பெனி நீளம், பி8 குட்டை. இரண்டும் மோனோட்யூப். நம் வண்டிகளில் வருவது பெரும்பாலும் ட்வின் ட்யூப். உள்ளே ஒரு குழாய், வெளியே ஒரு குழாய், நடுவில் எண்ணெயும் குறைந்த அழுத்த வாயுவும். மோனோட்யூபில் ஒரே குழாய். மிதக்கிற பிஸ்டனுக்குப் பின்னால் 20 பாருக்கும் மேல் நைட்ரஜன். எண்ணெய் நுரைக்காது, சூடு சீக்கிரம் வெளியேறும். நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து அடிவாங்கினாலும் தளராது. மேக்ஃபர்சன் ஸ்ட்ரட்டில் (ஷாக்கே சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கிற முன்பக்க அமைப்பு) தண்டின் மேல் பக்கவாட்டு விசை வரும் என்பதால், பில்ஸ்டீன் அதைத் தலைகீழாக மாட்டி, தடித்த உடலே அந்த விசையைத் தாங்கும்படி செய்கிறது.

ஆனால் உங்கள் மாடல், உங்கள் வருடத்துக்கென்று பார்ட் நம்பர் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஸ்விஃப்டுக்கு வந்தது, ஜப்பானில் விற்ற ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டுக்கு வந்தது என்று கடையில் காட்டினால், போல்ட் துளை இடைவெளி, தண்டின் மேல்முனை மரை, பிரேக் ஹோஸ் பிராக்கெட் இருக்கும் இடம், ஏபிஎஸ் வயர் கிளிப் இவற்றை அளந்து பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். அந்த ஸ்போர்ட் மாடல் இந்தியாவில் விற்கவே இல்லை.

கடினமான ஷாக் பற்றி இன்னொரு எச்சரிக்கை. ஸ்ப்ரிங் 30 சதவீதம் விறைப்பானால் டேம்பிங் அதன் வர்க்கமூலத்தில்தான் கூட வேண்டும், சுமார் 14 சதவீதம். பாலத்து ஜாயின்டில் இரண்டு மூன்று முறை ஆடுகிறது என்றால் பழைய ஷாக் அந்தக் கம்பெனி அளவுக்குக்கூட இல்லை. சரி, மாற்ற வேண்டும். ஆனால் அமுங்கிய ஷாக் திரும்ப நீளும் பக்கத்தை, ரீபவுண்டை, அளவுக்கு மீறி இறுக்கினால் வேறு வினை வரும். அடுத்தடுத்து மேடு வரும்போது, ஒரு மேட்டில் அமுங்கிய சக்கரம் முழுதாகத் திரும்பும் முன் அடுத்தது வந்துவிடும். வண்டி படிப்படியாகத் தன்னைத்தானே கீழே இழுத்துக்கொள்ளும். 20 மி.மீ. மிச்சம் வைத்திருக்கிறவருக்கு அது போதும், ஸ்டாப் மேலேயே ஓடிக்கொண்டிருப்பார்.

#14 பட்டறைப்பாண்டி | மதுரை

குட்டை ஷாக், குட்டை ஷாக் என்று எல்லோரும் ஆடுகிறீர்கள். குட்டை ஷாக் போட்டால் சக்கரம் இன்னும் மேலே ஏறும் என்று யாராவது யோசித்தீர்களா? கம்பெனிக்காரன் ஸ்டாப்பை அங்கே வைத்தது சும்மாவா? அதற்குமேல் ஏறினால் டயர் சக்கரக் குழியின் உள்மறைப்பை, லைனரை, உரசும், உள்பக்கம் ஃபெண்டர் மடிப்பு டயரைச் சீவும். என்னிடம் அப்படி வந்த வண்டி ஒன்றில் டயரின் தோள்பட்டை பாதி சீவி, நூல் தெரிந்தது.

#15 இரும்புச்சுருள் | சென்னை

பாண்டி அண்ணன் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் இது.

எண்ணில் வைத்தால்: 42க்குப் பதில் 20 மி.மீ. மட்டும் இறக்கினால் பின்னால் ஸ்டாப்புக்கு 42 மி.மீ. மிச்சம். ஷாக் உடல் 16 மி.மீ. குட்டை என்றால் 58. பழைய 62க்கு 58 என்றால் ஸ்ப்ரிங் 14 சதவீதம் விறைப்பாக இருந்தாலே போதும். ஒன்பதரை மடங்கு எங்கே, 14 சதவீதம் எங்கே! ஆனால் சக்கரம் கம்பெனி எல்லையைவிட 16 மி.மீ. மேலே ஏறும். அந்த 16 மி.மீ.க்கு உள்ளே இடம் இருக்கிறதா என்பதைக் காகிதத்தில் சொல்ல முடியாது. ஸ்ப்ரிங்கை எடுத்துவிட்டு ஷாக்கை மட்டும் மாட்டி, கீழிருந்து ஜாக் வைத்து ஸ்டாப் நசுங்கும் வரை சக்கரத்தைத் தூக்குங்கள். முன்னால் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். விரல் ஒன்று நுழைகிற இடம் இல்லை என்றால் ஸ்டாப்புக்கு மேல் ஒரு பேக்கர் (தடுப்பு வளையம்) வைத்து வீச்சைக் குறைக்க வேண்டியதுதான்.

உங்கள் 185/65 ஆர்15 இதற்கு நல்ல டயர். விட்டம் 621 மி.மீ., விடிஐயோடு வந்த 165/80 ஆர்14க்கும் ஏறத்தாழ அதே 620. தயவுசெய்து 16 அங்குலம், 195/50 என்று போகாதீர்கள். டயர் சுவர் 120லிருந்து 98க்குக் குறையும், சஸ்பென்ஷனில் சம்பாதித்ததை அங்கே தொலைத்துவிடுவீர்கள்.

#16 கிழக்குக்கரை | புதுச்சேரி

குறுக்கே வருகிறேன். முன்னால் 38 மி.மீ. இறங்கினால் லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே வண்டியோடு இணைக்கிற கை) எப்படி நிற்கிறது என்று பார்த்தீர்களா? மேக்ஃபர்சனில் வண்டியை இறக்கினால் ஈர்ப்பு மையம் 38 இறங்கும், ரோல் சென்டர் (வளைவில் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) அதைவிட அதிகம் இறங்கும். இரண்டுக்கும் இடையிலான தூரம் கூடுவதால், விறைப்பு போதாத ஸ்ப்ரிங்கில் இறக்கிய வண்டி வளைவில் முன்பைவிட அதிகமாகச் சாயக்கூட செய்யும். ஆர்மின் வெளிமுனை உள்முனையைவிட மேலே இருந்தால் அந்த நிலைமைதான். நீளமான பால் ஜாயின்ட் போட்டு சரிசெய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தெரு வண்டிக்கு 20 மி.மீ.யோடு நிறுத்திக்கொண்டால் அந்தச் செலவே வராது.

#17 நாலாங்கியர் | கோவை

படித்துப் படித்துத் தலை சுற்றுகிறது, ஆனால் எனக்கு வேண்டியது இதுதான். அனைவருக்கும் நன்றி.

லோயர் ஆர்மைப் பார்த்தேன், வெளிமுனை லேசாக மேலேதான் நிற்கிறது.

அப்படியானால் முடிவு இப்படி வருகிறதா? இந்த ஸ்ப்ரிங் போக வேண்டும். கம்பெனி உயரத்திலிருந்து 20 மி.மீ. மட்டும் இறக்கம். ஷாக் குட்டை உடல். பாண்டி அண்ணா வழியில் போனால் பாதிக் காசில் முடியும், பிரச்சினையும் தீரும் என்பது புரிகிறது. ஆனால் கம்பெனி உயரத்துக்குப் போக மனசு வரவில்லை, அவ்வளவுதான் காரணம். காயில்ஓவர் என்றால் எத்தனை கிலோ ஸ்ப்ரிங் கேட்பது?

#18 இரும்புச்சுருள் | சென்னை

மனசு வரவில்லை என்பதும் ஒரு காரணம்தான், அதற்காகத்தானே இந்த இழையே.

முன்னால் 3 கிலோ கேளுங்கள். 29 நியூட்டன், 1.5 ஹெர்ட்ஸ் வரும். கம்பெனியைவிடக் கால் பங்கு கூடுதல். 4 கிலோ என்றால் 1.75 ஹெர்ட்ஸ், தனியாக ஓட்டுகிறவருக்கு அது. ஆர்டர் கொடுக்கும்போதே ஸ்ப்ரிங் விறைப்பை மாற்றித் தரச் சொல்லலாம். கிட்டோடு வருவதை அப்படியே வாங்காதீர்கள். மாற்றினால் அந்த ஸ்ப்ரிங்குக்கு ஏற்ற டேம்பிங்கும் கொடுக்கிறார்களா என்று எழுத்தில் கேளுங்கள். 6 கிலோவுக்கு வால்வ் செய்த ஷாக்கில் 3 கிலோ ஸ்ப்ரிங்கைப் போட்டால், முழுக்க மென்மையில் வைத்தாலும் மரக்கட்டையாக இருக்கும். பெரும்பாலான கிட்டில் ஒரே குமிழ் ஷாக் அமுங்குவதையும் நீளுவதையும் சேர்த்தே மாற்றுகிறது, தனித்தனியாகச் சரிசெய்ய வழி இல்லை.

பின்னால் ஸ்விஃப்டில் ஸ்ப்ரிங் தனி, ஷாக் தனி. டார்ஷன் பீமில் (இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கிற அமைப்பு) ஸ்ப்ரிங் உட்கார்ந்திருக்கும் இடம் சக்கரத்துக்கு நேராக இல்லாததால், ஸ்ப்ரிங்கில் எழுதியிருக்கும் எண் சக்கரத்தில் அப்படியே வராது, குறைந்துதான் வரும். சக்கரத்தில் 30 நியூட்டன் வேண்டும் என்று சொல்லி, விற்கிறவரையே கணக்குப் போடச் சொல்லுங்கள். அவருக்கு அது புரியவில்லை என்றால் வேறு கடை பாருங்கள்.

முன்னால் டாப் மவுண்டில் ரப்பர் வைத்ததையே கேளுங்கள். பில்லோ பால் (ரப்பருக்குப் பதில் உலோக உருண்டை மூட்டு) நம் தூசிக்கும் மழைக்கும் சீக்கிரம் கடகடக்கும்.

#19 வால்பாறை40 | பொள்ளாச்சி

கடகடப்பது உண்மை. பாட்டு சத்தமாக வைத்தால் கேட்காது. :)

#20 பட்டறைப்பாண்டி | மதுரை

காசு உங்களுடையது தம்பி, போடுங்கள். மாட்டுகிறவரிடம் இதை மட்டும் சொல்லுங்கள். லோயர் ஆர்ம் புஷ், பின் பீம் புஷ் போல்ட்களைச் சக்கரம் தொங்கும்போது முழுசாக முடுக்கக் கூடாது. வண்டி தன் எடையில் தரையில் நின்றபின், அல்லது ராம்ப் மேல் நிற்கும்போது முடுக்க வேண்டும். தொங்கும்போது முடுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். பாதிப் பேர் இதைச் செய்வதில்லை. புஷ் போனபின் ஷாக் சரியில்லை என்று பழி போடுவார்கள்.

அலைன்மென்ட் மாட்டிய அன்றே ஒரு தடவை, ஸ்ப்ரிங் படிந்தபின் இன்னொரு தடவை. முன்னால் டோ (சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்கும் கோணம்) கட்டாயம் மாறியிருக்கும். பின்னால் பீமில் சரிசெய்ய ஒன்றும் கிடையாது. அளவு வெளியே காட்டினால் ஷிம் (மெல்லிய தகடு) போடலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம். ஹெட்லைட் மட்டத்தையும் பார்த்துவிடுங்கள், எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கக் கூடாது.

#21 புதுலைசென்ஸ் | ஈரோடு

அண்ணா, அந்தப் பழைய ஸ்ப்ரிங்கை விற்பீர்களா? என்னிடம் பெட்ரோல் ஸ்விஃப்ட் இருக்கிறது.

#22 நாலாங்கியர் | கோவை

தம்பி, இருபது பதிவையும் படித்துவிட்டுத்தான் கேட்கிறாயா? டீசல் எஞ்சின் எடைக்கு வந்த ஸ்ப்ரிங்காக இருந்தால், முன்பக்கம் லேசான பெட்ரோல் வண்டியில் உயரம் வேறு மாதிரி நிற்கும். அதற்கு மேல் பிராண்டும் தெரியாது. முதலில் உன் வண்டியில் தண்டு எவ்வளவு தெரிகிறது என்று அளந்து இங்கே போடு.